மாத்திரை யார் கையில்?

சந்திரனுக்குச் சயம் வந்ததாம்! புராணம் புகல்கிறது, புராணிகர் தலையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். தட்சன் தன் பெண்களில் இருபத்தேழு பேரைச் சந்திரனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். மாப்பிள்ளையோ ரோகிணி ஒருத்தியிடமே மயங்கிக் கிடந்தான். மற்ற இருபத்தாறு பேரும் கண்ணீரும் கம்பலையுமாகத் தந்தையிடம் சென்று முறையிட்டனர். மாமன் வெகுண்டான். "சயரோகம் பற்றித் தேய்ந்து போவாயாக!" என்று சாபம் கொடுத்தான். தேய்ந்தது மதி. பிறகு தேவர் கூடிப் பரிந்து பேச, பாதி மாதம் தேய்வது, பாதி மாதம் வளர்வது என்று ஏற்பாடாயிற்று. விண்மீன்களின் அரசனுக்கே வந்த நோய் என்பதால், அதற்கு இராஜரோகம் என்ற பட்டமும் கிடைத்தது!

கேட்டுச் சிரிக்கலாம், தோழர்களே. சிரித்து முடித்தபின் சற்றே நின்று நோக்குங்கள். நோய் எதனால் வந்தது? பாவத்தால். யார் தந்தது? பெரியவர் ஒருவரின் சினம். எதனால் தணிந்தது? மேலோர் அருளால். நோயாளி செய்யத்தக்கது யாது? ஒன்றுமில்லை, கைகட்டி, வாய்பொத்தி, தலைகுனிந்து நிற்கவேண்டும், அவ்வளவே. நோயுற்றவன் குற்றவாளி, மருந்து மேலிருந்து வரும் அருள் என்ற இந்த எண்ணம் புராண ஏட்டோடு நின்றிருந்தால் நாம் கவலைப்படத் தேவையில்லை. நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்த பின்னரும், மருந்தைக் கண்டுபிடித்த பின்னரும், வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு அது மருத்துவமனைக்குள் நடமாடியது. அதைச் சோதனைக் கூண்டில் ஏற்றி வினவிய ஊர், நம் சென்னை. அந்த வரலாற்றை நம் இளைஞர்களில் பலர் அறியார். பள்ளிப் பாடநூலிலும் அதற்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் அறிஞர், காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரே என்று மெய்ப்பித்துக் காட்டினார். சாபமும் இல்லை, ஊழும் இல்லை, முற்பிறவித் தீவினையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, இருமும்போது காற்றில் பரவி, ஒருவர் நெஞ்சிலிருந்து மற்றவர் நெஞ்சுக்குத் தாவுகிறது! காரணம் தெரிந்துவிட்டது, கொல்லும் கருவி மட்டும் கிட்டவில்லை. எனவே அந்த இடைக்காலத்தில் மருத்துவர் நம்பியது மூன்றை: தூய காற்று, முழு ஓய்வு, வளமான உணவு. ஜெர்மன் நாட்டு மலைச்சாரலில் பிரெமர் என்பவர் தொடங்கிவைத்த 'சானடோரியம்' என்னும் நல்வாழ்வு மனை உலகெங்கும் பரவிற்று. மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் எழுந்தது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். அந்த இடத்துக்கு இன்றும் இரயில் நிலையப் பலகையில் 'சானடோரியம்' என்றே பெயர். மின்வண்டியில் போகிறவர் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பர்?

மருந்து வந்தது பின்னர். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின், அதனை அடுத்துப் 'பாஸ்' எனப்படும் பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியசிட். இவற்றுள் ஐசோனியசிட்டின் கதை சுவையானது. 1912இலேயே பிராக் நகரத்து வேதியியல் கூடமொன்றில் அதனை ஆக்கிவிட்டனர். ஆக்கியவர்க்கு அதன் ஆற்றல் தெரியாது. நாற்பது ஆண்டுக் காலம் உயிர் காக்கும் பொருள் ஏட்டில் உறங்கிற்று; வெளியே இலட்சம் இலட்சமாக மக்கள் இருமி இருமி மடிந்தனர்! மருந்துகள் கைக்கு வந்ததும் இன்னொரு பாடமும் உடன் வந்தது. 1948இல் ஆங்கில நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வு, ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியே தந்தால் நோயாளி முதலில் தேறுகிறார், பின்னர் கிருமி மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்கிறது என்று காட்டிற்று. ஆகவே இரண்டு மருந்துகளை இணைத்துத் தரவேண்டும். அதையும் நீண்ட நாள் தரவேண்டும். ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும்.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. காய்ச்சலுக்கு மூன்று நாள் மருந்து குடிப்போம். காசநோய்க்காரர் மூன்று மாதத்தில் இருமல் நின்று, எடை கூடி, வேலைக்குப் போகும் வலிமை பெற்றுவிடுவார். உடலோ 'நான் நலம்' என்கிறது. மருத்துவரோ 'இன்னும் ஒன்பது மாதம் விழுங்கு' என்கிறார். அந்த நாளில் பாஸ் மருந்தை நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவு வரை விழுங்கியாக வேண்டும். நாவுக்குக் கசப்பு, வயிற்றுக்குக் குமட்டல். நலமான உடம்போடு, நாள் தவறாமல், ஓராண்டுக் காலம் அதனை விழுங்குவதற்கு நமக்கே மனம் வருமா?

வராது என்றுதான் பெரிய பெரிய மருத்துவர்கள் முடிவு கட்டினர். அதிலும், யாருக்கு வராது என்றனர்? ஏழைக்கு. எழுத்தறியாதவனுக்கு. குடிசைவாசிக்கு. "மாத்திரையை அவன் கையில் கொடுத்தால் கூவத்தில் எறிந்துவிடுவான், அல்லது விற்றுவிடுவான், படுக்கையில் கிடத்தி, செவிலி எதிரே நின்று, வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டினால் ஒழியப் பிழைக்க மாட்டான்" என்பது அவர்கள் வாதம். வாதம் வலுவாகவே தோன்றியது. ஆனால் இந்திய நாட்டில் அன்று காசநோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ ஆயிரங்களில் எண்ணத்தக்கவை. படுக்கை கிடைக்காதவன் கதி என்ன? அவனுக்கு மாத்திரையும் கிடையாது. சாபம் ஒன்றே மிச்சம்!

1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் ஒரு நிலையம் தோன்றிற்று. காசநோய் மருந்து மருத்துவ ஆய்வு மையம் என்று அதனைச் சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், ஆங்கில மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி, ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கியது அது. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். வந்தவர் கேட்ட கேள்வி எளியது. வீட்டிலேயே வைத்து மருத்துவம் செய்தால் ஏழை பிழைப்பானா, மாட்டானா? ஊகம் வேண்டாம்; உபதேசம் வேண்டாம்; எண்ணிப் பார்ப்போம்!

சென்னை நகரத்து ஏழை மக்களுள், சளியில் கிருமி கண்ட நோயாளிகள் 200க்குச் சற்றுக் குறைவானோரைத் தேர்ந்தெடுத்தனர். நோய் நன்கு முற்றியவர்களே அவருள் பெரும்பாலோர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் அவர்களை இரு கூறாகப் பிரித்தனர். இதனை நம் தோழர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். இன்னார்க்கு இன்னது என்று மருத்துவர் மனம்போல் பிரித்திருந்தால், தேறக்கூடியவரைத் தமக்கு வேண்டிய பக்கத்தில் சேர்த்துவிட்டார் என்ற ஐயம் எழும். சாதி பார்த்து, சலுகை பார்த்து, சிபாரிசுக் கடிதம் பார்த்துப் பிரிக்காமல், குருட்டுச் சீட்டு பிரித்தது. ஒரு கூறு சானடோரியத்துக்குச் சென்றது. அங்கே அவர்களுக்குப் படுக்கை, ஓய்வு, பாலும் முட்டையும் உள்ளிட்ட நல்லுணவு, செவிலியர் கையால் மருந்து. மறுகூறு தம் குடிசைகளிலேயே இருந்தது. நெரிசல், புகை, அரைவயிற்றுக் கஞ்சி, ஓயாத வேலை! வாரம் ஒருமுறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்று, தம் கையாலேயே எடுத்து விழுங்கவேண்டும். இருவர்க்கும் மருந்து ஒன்றே: ஐசோனியசிட்டும் பாஸும், ஓராண்டுக் காலம்.

முடிவு 1959இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர்; குடிசையில் நூற்றுக்கு 86 பேர். இடையே உள்ள வேறுபாடு, கணக்கியல் அறிந்தோர் பொருட்படுத்தத்தக்க அளவினது அன்று. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு வேறுபாடும் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்க்கு எடை கூடுதலாக ஏறியது உண்மை. கிருமி ஒழிந்ததிலோ இரு பக்கமும் ஒன்றே. "வீட்டிலே வைத்தால் பிள்ளை குட்டிக்குத் தொற்றிவிடுமே!" என்ற அச்சத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இரு கூறினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுக் காலம் சோதித்துவந்தனர். வீட்டில் மருத்துவம் பெற்றவர் குடும்பத்தில் நோய் மிகுதியாகப் பரவவில்லை. காரணம், தொற்று பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரப்பும் ஆற்றல் விரைவில் குன்றுகிறது.

சென்னைக் குடிசையில் கண்ட இந்த உண்மை கடல் கடந்தது. மேனாட்டாரும் தம் மலைமேல் மாளிகைகளைப் பற்றி மறுபடி சிந்திக்கத் தலைப்பட்டனர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய சானடோரியங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சேத்துப்பட்டும் ஒன்று. கூழ் குடித்தவன் கையில் கொடுத்த மாத்திரை, கோமான் படுத்த கட்டிலைக் காலி செய்துவிட்டது!

எனினும், இதனோடு கதையை முடித்துக் கைதட்டிவிட்டுப் போனால் நாமும் புராணிகராகிவிடுவோம். ஃபாக்ஸும் அவருடன் உழைத்த தமிழ்நாட்டு மருத்துவர், செவிலியர், நலவாழ்வுப் பார்வையாளர் ஆகியோரும் செய்த பெரும்பணி வேறொன்று உண்டு. வீட்டில் கொடுத்த மாத்திரையை விழுங்குகிறார்களா என்று அவர்கள் பார்த்தனர். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், எஞ்சியிருந்த மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்தனர். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீரில் குறிப்பிட்ட இரும்பு உப்புக் கரைசலை விட்டால் நிறம் மாறும். உட்கொள்ளாதவர் நீர் மாறாது. நாக்கு பொய் சொல்லலாம், நீர் சொல்லாது! 1958இல் ஃபாக்ஸ் இதனைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்; நோயாளி தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்வதில் எழும் சிக்கல் என்பது அதன் பொருள். கணிசமானோர் சில நாட்களிலேனும் தவறுகின்றனர் என்பதை மறைக்காமல் சொன்னார்.

"பார்த்தீரா! நாங்கள் சொல்லவில்லையா? படிக்காத கூட்டம்!" என்று பழைய வாதக்காரர் மார்தட்டக்கூடும். பொறுங்கள் ஐயா. 1957இல் லண்டன் நகரத்து மருத்துவர் மூவர், வெளிநோயாளிகளாய் வந்துபோன தம் ஊர்க் காசநோயாளரின் சிறுநீரைச் சோதித்து எழுதினர். அங்கும் பலர் பாஸை விழுங்காமல் விட்டிருந்தனர். எழுத்தறிந்த ஊர், ஏடு படிக்கும் ஊர், உலகை ஆண்ட ஊர்! மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர்கூடச் செவிலி முதுகைத் திருப்பியதும் மாத்திரையைத் தலையணைக்கடியில் தள்ளிவிடுவதுண்டு என்பதையும் அக்கால ஆய்வாளர் அறிந்தே இருந்தனர். எனவே இது கல்லாமையின் குற்றம் அன்று. கறுப்புத் தோலின் குற்றமும் அன்று. மனித இயல்பு. நீண்ட நாள் மருந்தை நலமாய் உணரும் உடம்பு மறக்கும், மறுக்கும், வெறுக்கும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பதுண்டு. மதிய உணவு முடிந்தபின், ஆசிரியர் எதிரே நின்று, விழுங்கவைத்து, ஏட்டில் குறிக்கவேண்டும். என் வகுப்பில் அந்தப் பொறுப்பு என்னுடையது. ஒரு நாள் மாணவி ஒருத்தி மாத்திரையை நாவுக்கடியில் ஒளித்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு நழுவப் பார்த்தாள். அதட்டியிருந்தால் விழுங்கியிருப்பாள், ஏட்டிலும் ஒரு குறி ஏறியிருக்கும். தனியே அழைத்துக் கேட்டேன். ஆடி வெள்ளியாம், வீட்டில் விரதமாம், காலையிலிருந்து ஒரு பருக்கையும் உள்ளே போகவில்லை. சென்ற முறை வெறும் வயிற்றில் விழுங்கி வாந்தி எடுத்தாளாம். அவள் மாத்திரையை வெறுக்கவில்லை, தோழர்களே, வாந்திக்கு அஞ்சினாள். மறுநாள் சோறு உண்டபின் கேட்டு வாங்கி விழுங்கினாள். அன்று நான் கேட்காமல் விட்டிருந்தால், 'அடங்காத பெண்' என்று அவளுக்கு ஒரு பெயர் வந்திருக்கும். அம்மன் பெயரால் பட்டினி போட்டவர்க்கு ஒரு பெயரும் வந்திராது.

காரணம் கேட்பது கனிவு மட்டும் அன்று, அறிவியலும் அதுவே. சேத்துப்பட்டார் அதனையும் செய்து காட்டினர். ஐசோனியசிட் உண்போரில் சிலர்க்குக் கை கால் எரிச்சல், மரமரப்பு உண்டாகும். உடல் அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. மெல்ல வெளியேற்றுவோர்க்கு அளவு கூடினால் நரம்பு நோகும். கால் எரிகிறது என்று நிறுத்திவிட்டவனை முட்டாள் என்பதா? 1963இல் வெளியான சென்னை ஆய்வு, பி6 என்னும் உயிர்ச்சத்தைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் இந்தத் தொல்லையைத் தடுக்கலாம் என்று காட்டிற்று. இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விழிப்பு வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்குத் தலைசுற்றலும் காது மந்தமும் உண்டா என்று பார்க்கவேண்டும். தையாசெட்டசோனுக்குத் தோலில் கொப்புளம், பின்னர் வந்த எத்தாம்பியூட்டாலுக்குக் கண் பார்வை. எடைக்குத் தக்க அளவு, உரிய வேளை, உரிய ஆள், உண்டபின் என்ன ஆயிற்று என்ற கேள்வி. இவ்வளவும் சேர்ந்தால்தான் மருந்து கொடுத்ததாகப் பொருள். நீட்டிய கையில் பொட்டலத்தைப் போடுவது, கோயில் வாசலில் விபூதி கொடுப்பதைப் போன்றதே.

விழுங்காத நாட்களின் இழப்பைக் குறைக்க இன்னொரு வழியையும் தேடினர். நாள்தோறும் ஒருவரை வரச்சொல்லி எதிரே விழுங்கவைப்பது கூலி வேலைக்காரர்க்கு ஆகாது. வாரம் இருமுறை வந்தால் போதும் என்று செய்ய முடியுமா? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அளவு கூட்டிய ஐசோனியசிட்டும், வாரம் இருமுறை, நிலையத்தார் கண்ணெதிரே தரப்பட்டன. 1964இல் முடிவு வெளியாயிற்று. நாள்தோறும் வீட்டில் தானே விழுங்கும் முறைக்கு அது சற்றும் குறைந்ததாக இல்லை. கண்ணெதிரே மருந்து தரும் முறை என்று பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்டதற்கு வேர்களில் ஒன்று இங்கே ஊன்றியதுதான்.

வேர் நல்லது. கிளை எப்படி வளர்ந்தது? அங்கேதான் நம் வழக்கு. சேத்துப்பட்டில் ஒருவர் வரவில்லையென்றால் பார்வையாளர் அவர் வீட்டுக்குப் போனார். என்ன குறை என்று கேட்டார். நிலையத்தின் குறையாயின் நிலையம் திருந்தியது. 1962இல் தொடங்கிய நாடு தழுவிய காசநோய்த் திட்டத்தில் மாத்திரை வெளியே போயிற்று. வீட்டுக்குப் போகும் கால் மட்டும் பெரும்பாலும் போகவில்லை. மருந்து இருப்பு இல்லாத நாட்கள், பூட்டிய நிலையங்கள், ஒரு நாள் கூலியை இழந்து வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள். இவ்வளவும் சேர்ந்து நடுவில் நின்றுபோனவர்க்கு அரசு ஏட்டில் ஒரு பெயர் சூட்டினர்: 'டிஃபால்டர்'. கடன் வாங்கிக் கட்டாதவனுக்கு வங்கி வைக்கும் பெயர்! கடன் பட்டது யார், கட்டத் தவறியது யார்? தட்சன் சாபம் ஆங்கில உடை போட்டுக்கொண்டு பதிவேட்டில் ஏறிவிட்டது.

1993இல் முன்னோட்டமாகவும் 1997இல் முழு அளவிலும் தொடங்கி, 2006க்குள் நாடு முழுவதும் பரப்பப்பட்டது திருத்திய திட்டம். மருந்தை ஒருவர் கண்ணெதிரே விழுங்கவேண்டும் என்பது அதன் அடித்தளம். பல்லாயிரம் உயிர்களை அது காத்தது. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால், திருமணம் ஆகாத பெண், தெருவே பார்க்கும் ஓர் அங்கன்வாடியில், வாரம் மும்முறை வாய் திறந்து மாத்திரை விழுங்கவேண்டியிருந்ததே, அவள் மானம் எந்தப் பதிவேட்டில் ஏறிற்று? அந்த மேற்பார்வைதான் குணப்படுத்துகிறதா என்று வேற்று நாட்டார் சோதித்துப் பார்த்தனர். 1998இல் தென்னாப்பிரிக்கக் கேப் டவுன் நகரிலும், 2001இல் பாகிஸ்தானிலும் வெளியான ஆய்வுகள், தானே விழுங்கியவர்க்கும் பிறர் பார்க்க விழுங்கியவர்க்கும் குணமடைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றன. பார்க்கும் கண் மட்டும் போதாது. மருந்து தட்டாமல் கிடைக்கவேண்டும். பக்கவிளைவைக் கேட்க ஒரு காது வேண்டும். வழிச்செலவுக்கு நாலு காசு வேண்டும். இவை இருக்கும் இடத்தில் கண் துணையாகிறது. இவை இல்லாத இடத்திலோ அது காவலர் கண்.

2017இலிருந்து வாரம் மும்முறை என்பது மாறி நாள்தோறும் விழுங்கும் கூட்டு மாத்திரை வந்தது. குடும்பத்தாரில் ஒருவரே துணை நிற்கலாம் என்றாயிற்று. தொலைபேசி வழியும் வந்தது. மாத்திரை அட்டையை ஓர் உறையில் ஒட்டியிருப்பர். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் பின்னே மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு 'மிஸ்டு கால்' கொடுத்தால், விழுங்கியதாகக் கணக்கு. நல்ல உத்திதான். 2020இல் சென்னை, வேலூர், மும்பை ஊர்களில் செய்த ஆய்வொன்று வெளியாயிற்று. திரும்பவும் அதே சிறுநீர்ச் சோதனை! கண்டது என்ன தெரியுமா? மாத்திரையை விழுங்கியும் தொலைபேசியில் அழைக்காதவர் பலர். பொறியின் கணக்கில் அவர்கள் தவறியவர்கள். அவர்கள் உடம்பிலோ மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று, விழுங்கியதாகச் சொன்னவரைச் சிறுநீர் காட்டிக்கொடுத்தது. இன்று, விழுங்காதவராகக் குறிக்கப்பட்டவர்க்குச் சிறுநீர் சாட்சி சொல்கிறது. கருவி எதுவாயினும், ஆளை நேரே கண்டு கேட்காத கணக்கு பொய்க்கணக்காகிவிடுகிறது.

உணவைப் பற்றி ஒரு சொல். 1959ஆம் ஆண்டு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, ஏழைக்குச் சோறு தேவையில்லை, மாத்திரை போதும்' என்று பொருள் கொண்டவரும் இருந்தனர். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சரியான மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், வளமான உணவு கிட்டாதவரும் குணமடைகின்றனர் என்றது; பட்டினி நல்லது என்று அது எங்கும் சொல்லவில்லை! 2023இல் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்தார்க்கு அரிசியும் பருப்பும் கொடுத்துவந்ததில், அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது நூற்றுக்கு 40 அளவு குறைந்தது. மெலிந்துபோன நோயாளி முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறினால் சாவு குறைகிறது என்றும் கண்டனர். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளியின் எடையையும் மூச்சையும், எழுந்து நிற்க முடிகிறதா என்பதையும் பார்த்து, மோசமான நிலையில் உள்ளவரை உடனே படுக்கையில் சேர்க்கின்றனர். எல்லாரையும் படுக்கையில் போடுவது அன்றைய வழக்கம். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவது அடுத்த வழக்கம். யாருக்குப் படுக்கை வேண்டும் என்று கேட்டுச் சேர்ப்பது இது.

சேத்துப்பட்டு நிலையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறியது. ஐந்தாண்டுக்கு என்று தொடங்கியது அறுபது ஆண்டைக் கடந்து நின்றது. ஓராண்டு மருந்தை ஆறு மாதமாகக் குறைத்த உலக முயற்சியிலும் அதற்குப் பங்குண்டு.

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், காசநோய் மாத்திரைகளுக்குத் தட்டுப்பாடு என்று நாட்டின் பல பகுதிகளிலிருந்து செய்திகள் வந்தன. மூன்று மாதத்துக்கு வேண்டிய மருந்தை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒன்றிய அரசின் நலவாழ்வுத் துறை மாநிலங்களுக்கு எழுதிற்று. நாள் தவறாமல் நிலையத்துக்கு வந்து, அட்டையை நீட்டி, பாதி மருந்தோடு திரும்பியவர் உண்டு. நாளை வா என்ற சொல்லோடு திரும்பியவரும் உண்டு. அந்த மாதத்துப் பதிவேட்டில், விழுங்கப்படாத மாத்திரைகளுக்கு எதிரே யார் பெயரை எழுதினார்கள்?